நவம்பர் கடைசியில் அப்பா அம்மா டோக்கியோ வருகிறார்கள்: காலையில் போய் இரவு திரும்ப எங்கே கூட்டிப்போகலாம்?

நிஷிகசாய்வாசி

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசி வாரம் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், கூடவே அக்கா மகன், எட்டு வயசு. டிசம்பர் நடுவரைக்கும் இருப்பார்கள். ஷிபுயா, ஸ்கைட்ரீ எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். ஆனால் அப்பாவால் கட்டிடங்களுக்குள் ரொம்ப நேரம் இருக்க முடியாது. அழகர்கோயில் மலைப்பாதையில் இன்றைக்கும் நடந்தே ஏறுகிற ஆள். அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் தகராறு. இரண்டு பேரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

கார் இல்லை, ரயில்தான். மலை, கடல், ஏரி என்று திறந்த வெளியில் ஒரு நாள் கழிக்கிற மாதிரி இடங்கள் வேண்டும். என் பட்டியலில் இப்போதைக்கு ஹகோனே, நிக்கோ, ஃபுஜி, காமகுரா. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது?

காலைரயில்

இடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேதியைப் பாருங்கள். இலையுதிர்காலத்து இலைச் சிவப்பு மேலே மலையில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கும் நிக்கோவின் சூசென்ஜி ஏரிப் பக்கம் அக்டோபரிலேயே வந்துவிடும். அதற்குக் கீழே தோஷோகு கோயில் வட்டாரத்தில் நவம்பர் முதல் பாதி. உங்கள் ஆட்கள் வரும்போது நிக்கோவில் மொட்டை மரங்களும் குளிரும்தான் மிஞ்சியிருக்கும். 97 மீட்டர் கேகோன் அருவி அப்போதும் கொட்டும், மறுக்கவில்லை. ஆனால் மதுரைக்காரர்களை முதல் வாரத்திலேயே அந்தக் காற்றில் நிறுத்தாதீர்கள். அசகுசாவிலிருந்து எக்ஸ்பிரஸிலேயே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம், அதற்குமேல் வளைவு வளைவாக மலைப்பாதையில் பஸ். நிக்கோவை வெட்டலாம்.

டோக்கியோவின் மேற்கு ஓரத்துத் தகாவோ மலைக்கு நவம்பர் பின்பாதிதான் சரியான நேரம். காமகுரா கடலோரம் என்பதால் அங்கே இன்னும் தாமதமாக, டிசம்பர் முதல் பத்து நாள் வரைக்கும் இலை இருக்கும்.

பலர் கணக்கில் எடுக்காத ஒன்று வெளிச்சம். டிசம்பர் தொடக்கத்தில் டோக்கியோவில் மாலை 4:28-க்கே சூரியன் மறைந்துவிடும். மலையடிவாரத்தில் மூன்றரைக்கே நிழல் விழுந்து குளிர ஆரம்பித்துவிடும். பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் போய்ச் சேர்ந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் நாள் போய்விடும். ஆறரை மணி ரயிலைப் பிடியுங்கள். வேலை நாளில் லீவு போட முடிந்தால் இன்னும் நல்லது. நவம்பர் 23 அரசு விடுமுறை, அன்றைக்கு எங்கேயும் போகாதீர்கள்.

ஹகோனேபித்தன்

நிக்கோவை வெட்டுங்கள், சரி. ஹகோனேயை மட்டும் தொடாதீர்கள். மலை ரயில் முன்னும் பின்னுமாகத் திசை மாறித் திசை மாறி ஏறும், அப்புறம் தண்டவாளத்தில் கம்பி இழுக்கும் கேபிள் கார், அப்புறம் அந்தரத்தில் தொங்கும் ரோப்வே, கடைசியில் ஆஷி ஏரியில் கொள்ளைக்காரக் கப்பல் மாதிரிக் கட்டிய சுற்றுலாக் கப்பல். பையனுக்கு வேறு என்ன வேண்டும்? எல்லாமே ஒரே பாஸில் அடங்கும். அம்மா அதிகம் நடக்கவே வேண்டாம், எல்லாம் வண்டிதான். ஷின்ஜுகுவிலிருந்து ஒடாக்யூ ரொமான்ஸ்கார் எக்ஸ்பிரஸ் ஏறினால் ஹகோனே யுமோதோவரை உட்கார்ந்தபடியே போகலாம்.

யோகோஹாமா அக்கா

வண்டியிலேயே போகலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரிசை இருக்கிறதே, பித்தன் அண்ணா! நவம்பர் சனிக்கிழமை, மலை ரயிலிலிருந்து கேபிள் காருக்கு மாறும் கோரா நிலையத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சுற்று முழுக்க ஏறுவது, இறங்குவது, வரிசையில் நிற்பது, இவ்வளவுதான். காற்று பலமாக அடித்தால் ரோப்வேயை நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏற்றுவார்கள்.

தம்பி, ஒன்று கேட்கணும். அப்பா அம்மாவுக்கு இழுப்பு, இதயக் கோளாறு ஏதாவது உண்டா?

நிஷிகசாய்வாசி

அம்மாவுக்கு லேசாக வீசிங் உண்டு அக்கா. குளிர்காலத்தில் இன்ஹேலர் வைத்திருப்பார். ஏன் கேட்கிறீர்கள்?

யோகோஹாமா அக்கா

அப்படியானால் ஓவகுதானி வேண்டாம். ரோப்வே போய் நிற்கும் எரிமலைப் பள்ளம் அதுதான், கந்தக வாயு வந்துகொண்டே இருக்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வர வேண்டாம் என்று அங்கேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். ஒரு கறுப்பு முட்டை சாப்பிட்டால் ஏழு வருடம் ஆயுள் கூடும் என்பார்கள். உங்கள் வீட்டில் முட்டையே கிடையாது, அந்த ஆசையும் இல்லை.

காமகுராவைப் பிடித்துக்கொள்ளுங்கள். டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா லைனில் மாறாமல் ஒரு மணி நேரத்துக்குள். முதலில் ட்சுருகாஓகா ஹச்சிமன் கோயில். கடலோரத்திலிருந்து நேர்க்கோடாக வரும் வீதி, நம்மூர் சன்னிதித் தெரு மாதிரியே இருக்கும். மேல் சன்னிதிக்கு 61 படி. அம்மா ஏறாவிட்டாலும் கீழே குளக்கரையில் உட்காரலாம். படிக்கட்டை ஒட்டி நின்ற பழைய கிங்கோ மரம் 2010 மார்ச்சில் காற்றில் சாய்ந்துவிட்டது. அதே வேரிலிருந்து முளைத்த கன்று இப்போது நன்றாக வளர்ந்திருக்கிறது. அப்பாவுக்குக் காட்டுங்கள், ஸ்தல விருட்சம் என்றால் நின்று பார்ப்பார்.

அங்கிருந்து எனோடென் ரயில். மொத்தமே பத்து கிலோமீட்டர். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போய்த் திடீரென்று கடலோரத்துக்கு வந்துவிடும். ஹாசேயில் இறங்கினால் பெரிய புத்தர், பீடத்தை விட்டுவிட்டே 11.3 மீட்டர் உயர வெண்கலம். 1252-இல் வேலை தொடங்கியது. அவரைச் சுற்றி இருந்த மண்டபம் 15ஆம் நூற்றாண்டுக்குள் போய்விட்டது, அதிலிருந்து வெயிலும் மழையும்தான் துணை. ஒரு சில்லறைக் கட்டணம் கொடுத்தால் சிலையின் உள்ளே போகலாம். வார்ப்பின் ஒட்டுகளை உள்ளிருந்து பார்க்கும்போது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

மதியத்துக்கு மேல் எனோஷிமா. தீவுக்குப் பாலத்தில் நடந்தே போகலாம். மேலே ஏற 1959-இலிருந்து கட்டண எஸ்கலேட்டர் ஓடுகிறது, அம்மாவுக்கு முழங்கால் பிரச்சினை வராது. ஆனால் ஏறுவதற்கு மட்டும்தான், இறங்கும்போது படிதான். கைத்தடி இருந்தால் எடுத்துவாருங்கள்.

கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், இதை முக்கியமாகச் சொல்கிறேன். மேலே வட்டமிடும் பருந்து பின்பக்கத்திலிருந்து வந்து கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு போகும். நம்மூர் கள்ளப்பருந்தின் இனம்தான், பெயர் அதற்குச் சரியாகப் பொருந்தும். பையன் கையில் ஐஸ்கிரீம் இருந்தால் கூரைக்குக் கீழே நிற்க வையுங்கள்.

மலைக்கிறுக்கு

அழகர்மலை ஏறுகிற அப்பா என்றால் தகாவோதான், யோசிக்கவே வேண்டாம். 599 மீட்டர். நிஷிகசாயிலிருந்து தோஸாய் லைன், குடான்ஷித்தாவில் ஷின்ஜுகு லைனுக்கு மாறுங்கள், ஷின்ஜுகுவில் கெயோ எக்ஸ்பிரஸ். ஷின்ஜுகுவிலிருந்து ஐம்பது நிமிடம் சொச்சம். கடைசி நிலையத்தில் இறங்கினால் எதிரே மலை.

குடும்பத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்களும் அப்பாவும் 6ஆம் எண் பாதையில் போங்கள். ஓடையை ஒட்டியே போகும், மேலே போகப்போக ஓடும் தண்ணீரிலேயே கல் கல்லாக மிதித்து ஏறணும். கூட்டம் அதிகமான இலைக்காலத்தில் அதை ஏறுவதற்கு மட்டும் என்று ஒருவழி ஆக்குவது உண்டு, அடிவாரத்துப் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவும் பையனும் உங்கள் மனைவியோடு கேபிள் காரில் வரட்டும். ஜப்பானிலேயே மிகச் செங்குத்தான கேபிள் கார் பாதை இது, ஒரு இடத்தில் 31 டிகிரி சாயும். பையன் முன் ஜன்னலை விடமாட்டான். இருவர் உட்காரும் திறந்த நாற்காலி லிஃப்ட்டும் உண்டு. அதில் குறுக்குக் கம்பி கிடையாது, அம்மாவுக்கு அது வேண்டாம்.

கேபிள் கார் விடும் இடத்திலிருந்து சிமெண்ட் பாதை. வழியில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று 108 படிக்கட்டு, மற்றது படியில்லாத சரிவு, இரண்டும் மேலே சேர்ந்துவிடும். அம்மாவைச் சரிவில் கூட்டிப்போங்கள். யாகுஓ கோயில்வரை வந்தாலே போதும். 744-இல் நிறுவப்பட்டதாகச் சொல்லும் கோயில், நீள மூக்கும் சிறகுமாகத் தெங்கு என்கிற மலைப்பூதங்களின் சிலைகள் நிற்கும். அதற்கு மேலே உச்சிவரைக்கும் படிகள் கொஞ்சம் உண்டு. அம்மா கோயிலிலேயே இருந்துவிட்டால் நஷ்டமில்லை.

காலை ஒன்பதரைக்குள் உச்சியில் இருந்தால் ஃபுஜி தெரிய நல்ல வாய்ப்பு. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் கொன்னிச்சிவா சொல்வார்கள், அப்பாவையும் சொல்லச் சொல்லுங்கள். இலைக்கால ஞாயிறு பதினோரு மணிக்குப் போனீர்களென்றால் தைப்பூசத்துக்குப் பழனி ஏறுகிற கூட்டம்தான், மலை கண்ணில் படாது.

காலைரயில்

மலைக்கிறுக்கு சொன்னதோடு ஒன்று. இப்போது யாரைக் கேட்டாலும் கரடி பயம். 2025-இல் கரடி தாக்கிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதிகமும் அகிதா, இவாதே பக்கம், வடக்கே. தகாவோவின் பிரதான பாதையில் அந்தக் கூட்டத்துக்குக் கரடி வராது. ஒகுதாமா, மிதாகே பக்கம் ஆள் குறைந்த பாதைக்குப் போவதாக இருந்தால் பையில் ஒரு மணி கட்டிக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள்.

நிஷிகசாய்வாசி

தகாவோ உறுதி. சாப்பாடுதான் கவலை. அங்கே சோபா நூடுல்ஸ் பிரபலம் என்கிறார்கள், அது சைவமா?

கட்டுச்சோறு

என் பெயரைப் பார்த்தாலே பதில் தெரிந்திருக்கும்!

சோபா மாவு சைவம், தொட்டுக்கொள்ளும் சாறு சைவமில்லை. கத்சுவோ மீனைச் சீவிக் கொதிக்க வைத்த தாஷி அதில் இருக்கும். தகாவோவில் பேர்போன தொரோரோ சோபாவில் மேலே ஊற்றும் துருவிய கிழங்கிலும் பெரும்பாலும் அதே தாஷி. காய் தெம்புரா என்றால் இறால் பொரித்த எண்ணெய். இனிப்பான இனாரி சுஷி பார்க்கச் சாது, அந்த டோஃபு உறையை ஊறவைத்ததும் தாஷியில்தான். கடையில் விற்கும் ஓனிகிரி என்கிற சோற்று உருண்டையில் கொம்பு (கடற்பாசி), உமேபோஷி (உப்பில் ஊறிய பழம்) என்று எழுதியிருந்தாலும் பின்பக்கத்தில் மீன் சாறு இருக்கிறதா என்று போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பாருங்கள். வெறும் உப்பு ஓனிகிரி ஓரளவு பத்திரம், அதையும் பார்த்தே வாங்குங்கள்.

பயமில்லாமல் வாங்கக்கூடியவை: சூப்பர்மார்க்கெட் வாசலில் விற்கும் சுட்ட சர்க்கரைவள்ளி, மிகான் ஆரஞ்சு, வறுத்த செஸ்ட்நட். யாகுஓ கோயிலில் துறவிகளின் சைவச் சாப்பாடான ஷோஜின் உணவு உண்டு, முன்பதிவு செய்யணும். ஒரு தடவையாவது அப்பா அம்மாவுக்கு அதை வாங்கிக்கொடுங்கள். தட்டுத் தட்டாக வரும், காரம் தேடக்கூடாது.

மற்ற நாளெல்லாம் புளியோதரை. நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டால் டிசம்பர் குளிரிலும் விறைக்காது. தயிர்சாதம் இந்தக் குளிருக்கு வேண்டாம், அம்மாவுக்கு வீசிங் வேறு. கடைகளில் சூப் ஜாடி என்று வாய் அகன்ற பிளாஸ்க் கிடைக்கும். காலையில் கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றினால் மதியம் வரைக்கும் சூடு நிற்கும். மலையில் ரசம் குடித்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

குப்பைக்கு ஒரு பை கட்டாயம். 1995 சுரங்க ரயில் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். மலையிலும் இருக்காது, எல்லாம் வீட்டுக்குத்தான் திரும்பி வரும்.

ஒசாகா மாமி

டோக்கியோக்காரா பாவம், ஒரு மலையைப் பார்க்க ஆறரை மணி ரயில்! இங்கே உமேதாவில் ஹன்க்யூ ரயில் ஏறினா அரை மணியில மினோ. நிலையத்திலிருந்து அருவி வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கும் குறைவு, முழுக்க சாலை போட்ட பாதை, தள்ளுவண்டியே போகும். 33 மீட்டர் அருவி. வழி நெடுக மேப்பிள் இலையை மாவில் தோய்த்துப் பொரிச்சு விப்பா. இனிப்பு முறுக்கு மாதிரி இருக்கும், ஒரு பொட்டலம் பத்தாது. ஷின்கான்சென்ல குழந்தையோட ஒரு நடை இந்தப் பக்கமும் வாங்கோ.

நிஷிகசாய்வாசி

வருகிறோம் மாமி, ஆனால் அது அடுத்த தடவை. சுற்றுலாப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் எடுத்தால் முடியுமா என்று பார்த்தேன், 7 நாள் பாஸ் 50,000 யென் போட்டிருக்கிறது!

காலைரயில்

2023 அக்டோபருக்கு முன்னால் அது 29,650. இப்போது டோக்கியோவை மையமாக வைத்து ஒரு நாள் பயணம் போகிறவர்களுக்கு அந்த பாஸ் எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது. தகாவோ போகும் கெயோவும் எனோடென்னும் ஜேஆரே இல்லை.

சும்மாசுத்தி

ஃபுஜியைப் பற்றி யாரும் பேசவில்லையே? மதுரையிலிருந்து வந்துவிட்டு, ஃபுஜி அடிவாரத்து ஏரியான கவகுச்சிகோ போகாமல் திரும்பினால் ஊரில் கேட்பார்கள். ஷின்ஜுகுவிலிருந்து நேர் பஸ், இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

காலைரயில்

போகும்போது ஆகாது. ஞாயிறு மாலை திரும்பும்போது சூவோ நெடுஞ்சாலையில் கோபோதோகே சுரங்கப் பாதைக்கு முன்னால் வண்டிகள் நிற்கும் நீளத்தைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் கழிப்பறை இல்லையென்றால் பெரியவர்கள் கதி என்ன? ரயிலே மேல். ஷின்ஜுகுவிலிருந்து ஃபுஜி கைய்யூ எக்ஸ்பிரஸ் மாறாமல் கவகுச்சிகோ வரைக்கும் போகிறது. முன்பதிவு இல்லாத பெட்டி கிடையாது.

ஆனால் என் கருத்து வேறு. ஃபுஜியைப் பார்க்க ஃபுஜிக்குத்தான் போகணும் என்றில்லை. தகாவோ உச்சியில் தெரியும், எனோஷிமாவில் கடலுக்கு மேலே தெரியும், அன்றைக்கு வானம் தெளிவாக இருக்கணும், அவ்வளவுதான். கவகுச்சிகோ வரைக்கும் போய் மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்!

சும்மாசுத்தி

தூரத்தில் நகம் அளவுக்குத் தெரிவதும் பக்கத்தில் வானத்தையே அடைத்து நிற்பதும் ஒன்றா? உங்கள் கணக்கெல்லாம் நேரத்துக்குச் சரி. ஆனால் அந்த மலையை முழுசாக ஒருமுறை பார்த்தவன் ரயில் நேரத்தைப் பேசமாட்டான். அதுவும் டிசம்பரில் காற்று வறண்டு இருக்கும், பனித்தொப்பி போட்டிருக்கும். ஜூலையில் போய் மேகம் பார்த்தவர்களோடு ஒப்பிடாதீர்கள்.

யோகோஹாமா அக்கா

இதில் நான் சுத்தி பக்கம். ஆனால் தேதியை முன்கூட்டியே கட்டிப்போடாதீர்கள். ஒரு வாரத்தில் இரண்டு மூன்று நாளைக் காலியாக வைத்துக்கொண்டு, முந்தின நாள் வானிலையும் காலையில் ஏரிக்கரை நேரலைக் கேமராவும் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். வேலை நாளில் அந்தக் கடைசி நேரத்திலும் ரயிலில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. காலையில்தான் மலை தெளிவு, மதியத்துக்கு மேல் மேகம் சேரும்.

ஃபுஜியோடு சேர்த்து எல்லோரும் போடும் ஐந்தடுக்கு பகோடா படத்துக்கு 398 படி ஏறணும். அப்பா ஏறலாம், அம்மா வேண்டாம். ஏரியின் வடகரையில் ஓயிஷி பூங்கா இருக்கிறது, பஸ் வாசலிலேயே விடும், தரை சமம், எதிரே ஏரி, அதற்குப் பின்னால் ஃபுஜி. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம். நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக்கு மேலே மலை தெரிகிற மாதிரி படம் எடுக்கச் சாலையில் இறங்காதீர்கள். 2024 மே மாதம் அங்கே கறுப்புத் திரையே கட்டிவிட்டார்கள், ஆகஸ்டில் எடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அவ்வளவு வெறுத்துப் போயிருந்தார்கள்.

ஹகோனேபித்தன்

சரி, ஓவகுதானி வேண்டாம். வெந்நீர் ஊற்றுக் குளியலையும் விட்டுவிடுவீர்களா? தகாவோ மலையடிவாரத்துக் கடைசி நிலையத்தை ஒட்டியே ஒன்று இருக்கிறது. மலை இறங்கியதும் திறந்தவெளித் தொட்டியில் இறங்கினால் அப்பாவின் கால்வலி பறந்துவிடும்.

கட்டுச்சோறு

அப்பாவை எப்படியும் சம்மதிக்க வைத்துவிடலாம், குற்றாலத்தில் குளித்தவர்தானே. ஆனால் இங்கே துண்டுகூடக் கட்டாமல்தான் தண்ணீரில் இறங்கணும் என்பதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம்தான்.

அம்மாவுக்குக் கையில் பச்சை குத்தியிருக்கிறதா? என் மாமியாருக்கு முன்கையில் கோலம் மாதிரி பெரிய பச்சை உண்டு, அவர்கள் காலத்தில் ஊரில் எல்லோருக்கும் இருந்தது. இங்கே பச்சை என்றால் யாகுசா என்கிற ரவுடிக் கும்பல் ஞாபகம், பல குளியலகங்களில் அனுமதி இல்லை. 2013-இல் ஹொக்கைடோவில் ஒரு மாவோரிப் பெண்ணை முகத்துப் பச்சைக்காகத் திருப்பி அனுப்பியது பெரிய செய்தியாயிற்று. சில இடங்களில் தோல் நிற ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் விடுவார்கள். முன்னாலேயே கேட்டுவிடுங்கள், வயசானவரை வாசலில் நிற்க வைத்துப் பேசுவது சங்கடம். இல்லையென்றால் குடும்பத்துக்கு மட்டும் என்று மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தனிக் குளியலறை எடுங்கள். எதுவுமே வேண்டாமென்றால் காலை மட்டும் நனைக்கும் ஆஷியு. அம்மாக்களுக்கு அதுதான் எப்போதும் பிடிக்கும்.

நிஷிகசாய்வாசி

அம்மாவுக்கு முன்கையில் உண்டு! நல்ல வேளை சொன்னீர்கள், எனக்கு இது தோன்றவே இல்லை. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

மலைக்கிறுக்கு

வந்திறங்கிய மறுநாள் தூரமாக எங்கேயும் கிளம்பாதீர்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கசாய் ரின்காய் பூங்கா இருக்கிறதே. கடலோரம், நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் மீன் காட்சியகத்தில் பெரிய சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும், தொடக்கப்பள்ளி வயசுவரை குழந்தைகளுக்கு இலவசம். புதன்கிழமை விடுமுறை. 117 மீட்டர் ராட்டினத்தில் ஏறினால் ஒரு பக்கம் டிஸ்னிலேண்ட், வானம் தெளிவாக இருந்தால் மறுபக்கம் ஃபுஜி. சும்மாசுத்தி இதையும் நகம் அளவு என்பார், பரவாயில்லை.

சும்மாசுத்தி

நகம்தான். ஆனால் ராட்டினத்திலிருந்து என்பதால் மன்னிக்கிறேன்.

நிஷிகசாய்வாசி

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன். முதல் ஞாயிறு கசாய் பூங்கா. நவம்பர் முடிவதற்குள் ஒரு செவ்வாய் அல்லது புதன் லீவு போட்டுத் தகாவோ, கோயில் சாப்பாட்டுக்கு முன்பதிவோடு. டிசம்பர் முதல் வாரத்தில் காமகுரா, எனோஷிமா. கவகுச்சிகோவுக்குத் தேதி இல்லை, கேமரா பார்த்துக் காலையில் முடிவு. ஹகோனேயும் நிக்கோவும் அடுத்த முறை, பித்தன் அண்ணா மன்னிக்கணும்.

பையனுக்கு அரை டிக்கெட் எப்படி வாங்குவது? ஒவ்வொரு முறையும் மெஷினில் எடுக்கணுமா?

யோகோஹாமா அக்கா

வேண்டாம். குழந்தைகளுக்கான சுய்கா அல்லது பாஸ்மோ ரயில் கட்டண அட்டை வாங்கிவிடுங்கள், தானாகப் பாதிக் கட்டணம் பிடிக்கும். மெஷினில் முயலாமல் நிலைய அலுவலகத்தில் கேளுங்கள். வயசுக்கு ஆதாரமாகப் பையனின் பாஸ்போர்ட் வேண்டும். ஒடாக்யூ ரயிலில் அந்த அட்டையைக் காட்டினால் குழந்தைகளுக்கு எவ்வளவு தூரமானாலும் 50 யென்தான், 2022-இலிருந்து அப்படி. எனோஷிமாவிலிருந்து திரும்பும்போது ஒடாக்யூவில் ஷின்ஜுகு வந்துவிடுங்கள். அரண்மனை மாதிரிக் கட்டிய கதாசே எனோஷிமா நிலையத்தையும் பையன் பார்த்த மாதிரி இருக்கும்.

நிஷிகசாய்வாசி

அருமை அக்கா. கடைசியாக ஒன்று: புளியோதரையை ரயிலிலேயே பிரிக்கலாமா? அப்பா பதினோரு மணிக்கே கேட்பார்.

கட்டுச்சோறு

முன் இருக்கையின் முதுகில் தட்டு இருக்கும் எக்ஸ்பிரஸ் என்றால் தாராளமாக. நீள பெஞ்ச் போட்ட சாதாரண ரயிலில் வேண்டாம், பெருங்காய வாசனை பெட்டி முழுக்கப் பரவும். தகாவோ நாளில் அப்பாவுக்கு ஏறும் முன்னாடியே இரண்டு சர்க்கரைவள்ளி வாங்கிக் கொடுத்துவிடுங்கள், கோயில் சாப்பாடு வரைக்கும் தாங்குவார்.